துண்டுத் துணியில ஒரு போர்வை
கேள்வி: 8 வயசு மகளுக்கு இந்தக் குளிருக்கு தானே ஒரு போர்வை தைக்கணுமாம், எப்படி தொடங்க? - ஒரு அம்மா, ஹட்டன்

பதில்: பெரிய போர்வை வேணாம்மா, பாதியில வெறுத்துரும், மடிக்கு போடுற அளவு போதும். பழைய காட்டன் சட்டை, சீத்தைத் துணி எல்லாம் முதல்ல அலசி காய வைங்க (நம்ம மழைக்கு ரெண்டு நாள் ஆகும், என்ன செய்ய), இல்லாட்டி தைச்ச பிறகு சுருங்கி இழுத்துக்கும். அட்டையில 5 இஞ்சி சதுரம் வெட்டிக் குடுங்க, அதை வச்சு 36 துண்டுக்கு அவளே கோடு போடட்டும், கத்தரி மட்டும் உங்க கையில. ஓரத்துல கால் இஞ்சி விட்டு கையாலயே ஓட்டுத்தையல் (ஊசியை மேலயும் கீழயுமா மாத்தி மாத்தி விடுறது), வரிக்கு 6 துண்டா 6 வரி, முடிஞ்சா 27 இஞ்சி சதுரம் வரும். நடுவுல பழைய கம்பளி, அடியில ஒரு துணி, சதுரங்கள் சேர்ற மூலைக்கு மூலை மூணையும் சேர்த்து தடிச்ச நூலால முடிச்சு, அவ்வளவுதான். கோணலா வந்தா பிரிச்சிடாதீங்க, என் மகள் முதல்ல தைச்சதுல ஒரு பூத்துண்டு தலைகீழா கிடக்கு, இன்னைக்கும் அதைத்தான் காட்டி சிரிப்பா.