தமிழ்ப் பெயர்கள் குப்பையாகத் தெரிந்தால் ‘ஃபான்ட் கெட்டுப்போச்சு’ என்பவரை நம்பாதீர்கள்

கேள்வி: எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்காக இணையப் படிவம் வைத்துப் பெயரும் கைபேசி எண்ணும் சேகரித்தோம். பொறுப்பில் இருந்த தம்பி பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எனக்கு மெயிலில் அனுப்பிவிட்டு, படிவத்தை அழித்துவிட்டார். எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர் வரவேண்டிய இடமெல்லாம் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகள். மூடும்போது கவனிக்காமல் ‘சேவ்’ கொடுத்துவிட்டேன். ஃபான்ட் கெட்டுவிட்டது, டேட்டா ரெகவரி செய்ய 6,000 ரூபாய் ஆகும் என்கிறார் கம்ப்யூட்டர் சென்டர்காரர். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். பட்டியலையும் அவரிடம் கொடுக்காதீர்கள். அத்தனை பேருடைய பெயரும் கைபேசி எண்ணும் அதில் இருக்கின்றன. அதை விற்றாலே அவருக்கு நாலு காசு கிடைக்கும்.

தம்பி மெயிலில் அனுப்பிய கோப்பில் எதுவும் கெடவில்லை. கணினி எழுத்துகளை எண்களாகத்தான் சேமிக்கிறது. இன்று நடைமுறையில் உள்ள யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று எண்கள். ‘க’ என்றால் 224, 174, 149. இதைப் படிக்கும் மென்பொருள் மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எக்செல் என்ன செய்கிறது? கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஐரோப்பிய மொழிகளுக்காக வைத்த பழைய விண்டோஸ் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் தனி எழுத்தாகப் படிக்கிறது. அந்தப் பட்டியலில் 224 என்பது தலையில் சாய்கோடு போட்ட ‘ஏ’. 174 என்பது வட்டத்துக்குள் ‘ஆர்’. உங்கள் திரையில் இவை இரண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன அல்லவா? அப்படியானால் தமிழ் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டது. யுடிஎஃப்-8 வந்தது 1992-இல். விண்டோஸில் சாதாரண நோட்பேடுகூட 2019-இல் யுடிஎஃப்-8-க்கு மாறிவிட்டது. இரட்டைச் சொடுக்கில் ஒரு தமிழ்ப் பெயரைக் காட்ட இன்னும் எத்தனை ஆண்டு வேண்டுமோ!

இனி செய்ய வேண்டியது. மெயிலுக்குப் போய் அந்த இணைப்பை மறுபடி பதிவிறக்குங்கள். நீங்கள் கொடுத்த ‘சேவ்’ மெயிலில் இருக்கும் பிரதியைத் தொட்டிருக்காது. இறக்கிய கோப்பைத் திறக்க வேண்டாம். எக்செலில் புதிய வெற்றுத் தாளைத் திறந்து, ‘டேட்டா’ பகுதியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாக அதைத் தேர்ந்தெடுங்கள். வரும் பெட்டியில் ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் ‘65001: யூனிகோட் (யுடிஎஃப்-8)’ என்று வையுங்கள். அங்கேயே பெயர்கள் தமிழாகிவிடும். பக்கத்தில் ‘டேட்டா டைப் டிடெக்ஷன்’ என்று ஒன்று இருக்கும். அதில் ‘டு நாட் டிடெக்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு ‘லோட்’ கொடுங்கள். எக்செல் ஒத்துழைக்காவிட்டால் லிப்ரே ஆபீஸில் திறங்கள். அது இலவசம், எந்த முறையில் படிக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் திறக்கும்.

அந்த ‘டு நாட் டிடெக்ட்’ எதற்கு என்றால், கைபேசி எண்களுக்காக. 91 சேர்த்து எழுதிய 12 இலக்க எண்ணை எக்செல் கணக்குப்போடும் எண் என்று நினைத்து 9.19E+11 என்று சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருக்கம்தான் கோப்பில் பதியும், மற்ற இலக்கங்கள் போய்விடும். நீங்கள் ‘சேவ்’ கொடுத்த பிரதியில் தமிழ் பெரும்பாலும் பிழைத்திருக்கும், இப்படிச் சுருங்கிய எண்கள்தான் போயிருக்கும். மெயிலில் உள்ள பிரதியை எடுக்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு பொறி, குப்பையைத் தமிழாக்கித் தருவதாகச் சொல்லும் இணையதளங்கள். திரையில் தெரிவதை நகலெடுத்து அங்கே ஒட்டாதீர்கள். அந்தப் பழைய விண்டோஸ் பட்டியலில் ஐந்து இடங்கள் காலி. அவற்றில் 141 ஒன்று. நம் மெய்யெழுத்தின் புள்ளி 224, 175, 141. அதாவது புள்ளியின் மூன்றாம் எண் காலி இடத்தில் போய் விழுகிறது. உகரக் குறியும் (129), ‘ஏ’ என்ற எழுத்தும் (143), ‘ஐ’ என்ற எழுத்தும் (144) அப்படியே. எக்செல் இவற்றைக் கண்ணுக்குத் தெரியாத குறிகளாக உள்ளே வைத்திருக்கும். ஆனால் நகலெடுத்து வாட்ஸ்அப், வலைப்பக்கம், பிடிஎஃப் என்று கைமாற்றினால் வழியில் ஏதாவது ஒன்று அவற்றை வடிகட்டிவிடலாம். பிறகு எந்த மாற்றி வந்தாலும் முருகனில் ம, ர, க, ன மட்டும்தான் மிஞ்சும். இடையில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி நிற்கும். புள்ளி இல்லாத தமிழ்ப் பெயர்ப் பட்டியலை என்ன செய்வது? கோப்பைத்தான் சரியாகத் திறக்க வேண்டும், திரையில் தெரிவதைச் சரிசெய்ய முயலக் கூடாது.

யூனிகோட் தமிழில் ஃபான்ட் பிரச்சினை என்றால் வெற்றுக் கட்டங்கள்தான் தெரியும், கோடு போட்ட ஆங்கில எழுத்து வராது. சென்டர்காரருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

பட்டியல் சரியானதும் எக்செலின் சொந்த வடிவமான ‘எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ ஆகச் சேமியுங்கள். சிஎஸ்விதான் வேண்டும் என்று யாராவது கேட்டால் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை எடுங்கள். வெறும் ‘சிஎஸ்வி’யைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் கேள்விக்குறியாக, அதாவது 63 என்ற ஒரே எண்ணாக மாறிப் பதியும். அது எந்த எழுத்திலிருந்து வந்தது என்ற தடயமே கோப்பில் இருக்காது. அதை 6,000 வாங்கினாலும் 60,000 வாங்கினாலும் யாராலும் மீட்க முடியாது.