துரை பங்களாவும் புனுவலும்: கேட்டதும் சொன்னதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாதம் ஒரு படம் போட்டுப் பார்க்கும் சிறு கூட்டம் எங்களுடையது. இம்முறை ஸ்பெயின்காரரான இயக்குநர் லூயிஸ் புனுவல் (1900-1983) மெக்சிகோவில் எடுத்த 'எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்'. படம் முடிந்தபோது பாதிப் பேர் முகத்தில் குழப்பம். சந்தேகங்களைச் சீட்டில் எழுதித் தந்தார்கள். பதில் சொல்லும் வேலை, முன்னாள் தோட்டக் கிராணியான (கணக்கு எழுதுபவன்) என் தலையில் விழுந்தது.

படிவம் ஆறு மாணவி: ஐயா, புனுவலின் 'அன் ஷியன் அந்தலூ' பார்க்க உட்கார்ந்து, கண்ணை அறுக்கும் இடத்திலேயே மூடிவிட்டேன். அது நிஜக் கண்ணா? இவர் படங்களை எங்கிருந்து தொடங்குவது?

நிஜக் கண்தான்மா, ஆனால் செத்த கன்றுக்குட்டியுடையது. சவரக் கத்தியைத் தீட்டுகிற ஆள் புனுவலேதான். அம்மா கொடுத்த காசில், ஓவியர் சல்வதோர் தாலியுடன் சேர்ந்து எழுதி எடுத்த படம் அது. 1929இல் பாரிஸில் வெளிவந்தது. நிலாவை மெல்லிய மேகம் அறுத்துப் போக, கத்தி கண்ணை அறுப்பது புனுவல் கண்ட கனவு. கையில் எறும்பு மொய்ப்பது தாலி கண்ட கனவு. காரணம் சொல்ல முடிகிற எந்தக் காட்சியும் வேண்டாம் என்று பேசிவைத்துக்கொண்டு எழுதினார்கள். அதில் போய் அர்த்தம் தேடினால் தலைவலிதான் மிச்சம்.

நீ 'டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் த பூர்ஷ்வாசி'யில் (1972) தொடங்கு. வசதியான ஆறு பேர் விருந்துக்கு உட்கார்ந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று வந்து கெடுத்துவிடுகிறது. கதை அவ்வளவுதான், ஆனால் சிரிக்காமல் பார்க்க முடியாது. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது.

ஓர் அக்கா: என் அம்மா துரை பங்களாவில் சமையல் வேலை செய்தவர். இன்று பார்த்த 'எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்' படத்தில் விருந்தாளிகள் வரும் நேரத்தில் சமையல்காரர்களும் வேலைக்காரர்களும் கிளம்பிப் போய்விடுகிறார்களே, ஏன்?

அக்கா, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். படம் காரணம் சொல்வதில்லை. ஆளுக்கொரு சாக்குச் சொல்கிறார்கள். போனால் வேலை போகும் என்று மிரட்டியும் நிற்கவில்லை. மேற்பார்வைக்காரர் ஒருவர்தான் மிச்சம். அப்புறம் என்ன நடந்தது என்று பார்த்தோம்: கதவு திறந்தே கிடக்கிறது, யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் அந்த அறையை விட்டு ஒருவராலும் வெளியேற முடியவில்லை. நாள் கணக்கில் கிடந்து, தண்ணீருக்காகச் சுவரை உடைத்துக் குழாயைத் தேடுகிறார்கள். மரியாதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது.

கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்குப் போய் வந்தவன் நான். பேச்சு ஓடும்போது தேநீர் ஊற்றுகிற கை யாருடையது என்று அங்கே யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. புனுவல் விடாமல் எடுத்தது இதைத்தான் என்பது என் கட்சி. 1930இல் வந்த 'லாஜ் தோர்' படத்தில், விருந்துக் கூடத்தின் நடுவே மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ ஏதோ ஒரு கட்டை வண்டி உருண்டு போகிறது, யாரும் திரும்பவில்லை. சமையலறையில் தீப்பிடித்து வேலைக்காரி ஓடிவந்து விழுகிறாள், அதற்கும் திரும்பவில்லை. தோட்டக் காவலாள் தன் மகனையே சுட்டுக் கொல்கிறான். மாடத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு விருந்தைத் தொடர்கிறார்கள். 'டிஸ்க்ரீட் சார்ம்'மில் கார் ஓட்டுநரைக் கூப்பிட்டு மார்ட்டினி கொடுக்கிறார்கள். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனதும், பாமரன் எப்படிக் குடிக்கிறான் பாருங்கள் என்று அதையே பாடமாக்குகிறார்கள். சர்ரியலிசம் (கனவுபோலத் தர்க்கத்தை மீறும் கலைப்பாணி) என்றவுடன் நாம் கனவு, எறும்பு, கண் என்று ஓடுகிறோம். கண்ணெதிரே எரிகிற ஆளைப் பார்க்காமல் கோப்பையைத் தூக்குவதை விடவா விசித்திரம் வேண்டும்?

இன்னொன்று. புனுவலும் வசதியான வீட்டுப் பிள்ளைதான். அப்பா கியூபாவில் வியாபாரம் செய்து சம்பாதித்துக்கொண்டு ஸ்பெயினுக்குத் திரும்பியவர். உள்ளே வளர்ந்த ஆள் என்பதால்தான் மேசை நடத்தைகள் இவ்வளவு துல்லியமாக வருகின்றன.

செம்பனை ஆலையில் வேலை செய்யும் தம்பி: இன்றைய படத்தில் விருந்தாளிகள் அடைபட்ட அறைக்கு வரும் ஆடுகள் எதைக் குறிக்கின்றன?

பசி வந்தது, அடித்துத் தின்றார்கள். அதற்குமேல் தோண்டாதே தம்பி. ஆனால் விருந்தாளிகள் இரண்டு முறை வீட்டுக்குள் நுழைவதைக் கவனித்தாயா? டிஸ்க் கெட்டுப்போய்விட்டதோ என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். இல்லை, வேண்டுமென்றே செய்தது.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை: ஏழைகளின் துன்பத்தையும் இவர் இப்படி விளையாட்டாகத்தான் எடுப்பாரா?

'லோஸ் ஒல்விதாதோஸ்' (1950) பாருங்கள் டீச்சர். மெக்சிகோ நகரச் சேரிப் பையன்களின் கதை. நம் படங்களில் ஏழை என்றால் நல்லவன். இங்கே கண் தெரியாத பிச்சைக்காரரே கொடூரமானவர். யாரையும் பார்த்து உச்சுக்கொட்ட விடமாட்டார். பசித்த பையனின் கனவில் அம்மா பச்சை இறைச்சித் துண்டை நீட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வருவாள். அந்த ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம். நாட்டையே கேவலப்படுத்திவிட்டார் என்று உள்ளூரில் கோபப்பட்டார்கள், படம் சில நாளிலேயே எடுக்கப்பட்டது. 1951இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது கிடைத்த பிறகு மறுபடி ஓடியது.

ஆனால் ஸ்பெயினின் மலைக் கிராமங்களைப் பற்றி 1933இல் எடுத்த 'லாஸ் ஊர்தெஸ்' எனக்கு உறுத்தல். நண்பர் ரமோன் அசின் லாட்டரியில் வென்ற பணத்தில் எடுத்த ஆவணப்படம். ஆடு ஒன்று பாறையிலிருந்து தவறி விழுவதாகக் காட்டுவார்கள்; ஓரத்தில் துப்பாக்கிப் புகை தெரியும். அந்த ஜனங்களின் வறுமை உண்மை. அதற்காக ஆட்டைச் சுட்டிருக்க வேண்டியதில்லை.

தேவாலயத்தில் பாடும் ஓர் இளைஞர்: எங்கள் மதத்தின் மீது ஏன் இத்தனை கோபம்?

ஏசு சபையினரின் பள்ளியில் படித்தவர். கோபமும் உண்டு, விடமுடியாத ஈர்ப்பும் உண்டு. சொந்த ஊரான கலந்தாவில் புனித வெள்ளியன்று முழங்கும் பறைகளின் ஓசையைப் படங்களில் திரும்பத் திரும்பக் கொண்டுவருவார். 'விரிதியானா'வில் (1961) பிச்சைக்காரர்கள் ஏசுவின் கடைசி இராவுணவு ஓவியம் போல வரிசையாக உட்காருவது உங்களுக்கு வலிக்கும், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தப் படத்தின் முடிவுதான் வேடிக்கை. கதாநாயகி ஓர் ஆணின் அறைக்குள் போக, கதவு மூடுகிறது என்று எழுதியிருந்தார். ஸ்பெயின் தணிக்கை மறுத்தது. சரி என்று, அவள், அவன், வேலைக்காரி மூவரும் உட்கார்ந்து சீட்டு விளையாடுவதாக மாற்றினார். முன்னதைவிடப் பல மடங்கு விவகாரமான முடிவு, தணிக்கைக்காரர்களுக்கு அது புரியவில்லை! கானில் உச்ச விருதான தங்கப் பனை வாங்கிய கையோடு, சொந்த நாட்டில் தடை.

பெயர் எழுதாத சீட்டு: கடைசிப் படத்தில் ஒரே பெண்ணாக இரண்டு நடிகைகள் வருவது ஏன்?

1977இல் வந்த 'தட் அப்ஸ்க்யூர் ஆப்ஜெக்ட் ஆஃப் டிசையர்' படத்தைச் சொல்கிறீர்கள். முதலில் நடித்தவருடன் ஒத்துவராமல் நின்றுபோக இருந்த படம். இரண்டு பேரைப் போட்டால் என்ன என்று புனுவல் சொல்லிவிட்டார். படத்தில் அந்த ஆணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. நாமும் சிறிது நேரத்தில் பழகிவிடுகிறோம்.

ஒரு தகப்பனார்: பிள்ளைகளுடன் பார்க்கலாமா?

பெரும்பாலும் வேண்டாம். பாலைவனத்தில் தூண்மேல் நின்று தவம் செய்யும் சாமியாரைப் பற்றிய 'சைமன் ஆஃப் த டெசர்ட்' (1965) முக்கால் மணி நேரம்தான், பணம் தீர்ந்து பாதியில் முடித்தது. அதைப் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளுடன் பார்க்கலாம், முதலில் நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு.