இட்லிக்காரர் இட்லியை விட்டபோது

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 49. தாராவியில் இட்லி வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு பற்ற வைத்து, ஆறு மணிக்கெல்லாம் சைக்கிளில் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி மாட்டுங்கா, வடாலா பக்கம் போய்விடுவேன். எட்டு வருஷமாகச் சுகர். போன சித்திரையில் வெறும் வயிற்றில் 248, மூன்று மாதச் சர்க்கரை (எச்பிஏ1சி) 9.8. முலுண்டில் கறிக்கடை வைத்திருக்கும் என் மச்சான், "அரிசி, கோதுமை, பருப்பு, காய் எதையும் தொடாதே, கறியும் முட்டையும் மட்டும் சாப்பிடு, எஸ்கிமோக்கள் ஆயுசு முழுக்க அப்படித்தான்" என்றான். 47 நாள் ஆகிறது. வெறும் வயிற்றில் இப்போது 121. எடை 81-லிருந்து 75. ஆனால் பதினோரு மணி வாக்கில் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. ராத்திரி கெண்டைக்கால் இழுக்கிறது. மலச்சிக்கல் வேறு. காலையில் கிளிமிபிரைடு 2, டாபாகிளிஃப்ளோசின் 10, இரண்டு வேளை மெட்ஃபார்மின் 1000 சாப்பிடுகிறேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா? என் டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை, திட்டுவார். "ஊருக்கெல்லாம் இட்லி போடுற மனுஷன் வீட்டில் ஒரு இட்லி தொட மாட்டேங்கிறாரே" என்று வீட்டம்மாவுக்கு ஒரே வருத்தம்.
— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், தாராவி

பதில்: என் கிளினிக் சயான் கோலிவாடாவில். காலையில் என்னை எழுப்புவது உங்கள் ஹாரனாகக்கூட இருக்கலாம். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

முதலில் அந்தப் பதினோரு மணி நடுக்கம். அது களைப்பு இல்லை, லோ சுகர். கிளிமிபிரைடு கணையத்தைப் பிடித்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சோறு சாப்பிட்டீர்களா, வெறும் கோழி சாப்பிட்டீர்களா என்று அதற்குத் தெரியாது. நான்கு இட்லியைச் சமாளிக்க எழுதிக் கொடுத்த மாத்திரை, இட்லி வராத வயிற்றிலும் அதே வேலையைத்தான் செய்யும். அடுத்த முறை நடுங்கினால் சைக்கிளை ஓரங்கட்டி, விரலில் குத்திச் சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள். மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு தரம் குடியுங்கள். கறி விரதம் கெட்டுவிடுமே என்று அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது. கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் மயங்கி விழுந்தால் பின்னால் வருகிற பஸ்காரருக்கு உங்கள் விரதம் தெரியாது.

அடுத்தது டாபாகிளிஃப்ளோசின். இதைத்தான் நிறையப் பேரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 2020-இல் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு பாதி ரிப்போர்ட் ஃபைலில் இந்தப் பெயர் இருக்கிறது. நல்ல மருந்துதான். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் துணை. இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும். ஆனால் மாவுச்சத்தை அறவே நிறுத்திய உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலப் பொருளை ஏற்கனவே நிறைய உண்டாக்கிக்கொண்டிருக்கும். இந்த மாத்திரையும் அதே பக்கம் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் சில பேருக்கு இரத்தமே அமிலமாகிவிடும். கொடுமை என்னவென்றால், அப்போது குளுக்கோமீட்டரில் சர்க்கரை சாதாரணமாகவே தெரியும். அமெரிக்க மருந்துத் துறை 2015-இலேயே இதை எச்சரித்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, இதே மாத்திரை சாப்பிடுகிற ஐம்பது வயதுக்காரர் ஒருவரை அவர் மகன் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தான். இரண்டு நாளாக வாந்தி, வயிற்று வலி, ஓடி வந்தவர் போல மூச்சு. சுகர் 186. மத்தியானமே ஓர் இடத்தில் காட்டியிருக்கிறார்கள். "சுகர் நன்றாகத்தானே இருக்கிறது, வெறும் வாயுத் தொல்லை" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். என்ன சாப்பிடுகிறார் என்று நான் கேட்டதற்கு, "பதினெட்டு நாளாகக் கறி மட்டும்" என்றான் மகன். அங்கே ஏன் சொல்லவில்லை என்றால், யாரும் கேட்கவில்லையாம். நேரே ஐ.சி.யு.வுக்கு அனுப்பினேன், நான்கு நாளில் வீடு திரும்பினார். உங்களுக்கும் வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் வந்தால் சுகர் எத்தனை காட்டினாலும் அந்த மாத்திரையை அத்தோடு நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாத்திரையின் பெயரையும் சாப்பாட்டையும் சொல்லி, "கீட்டோன் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.

ஆகவே, மாத்திரையை நிறுத்தலாமா என்ற கேள்விக்குப் பதில்: குறைக்க வேண்டியிருக்கும், ஆனால் எதை, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதுவும் இன்றோ நாளையோ. பார்க்கும்வரை வேளைக்கு இரண்டு இட்லி சாப்பிடுங்கள். உங்கள் கையால் அவித்ததுதானே, வீட்டம்மாவும் சந்தோஷப்படுவார்கள். பி.பி. மாத்திரை ஏதும் இருந்தால் அதையும் மறக்காமல் காட்டுங்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும், இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே விட்டுவிடும். உங்கள் கெண்டைக்கால் இழுப்புக்கு அநேகமாக அதுதான் காரணம். மெட்ஃபார்மின் தனியாக லோ சுகர் உண்டாக்காது, அதைப் பற்றிப் பயமில்லை.

சரி, பயமுறுத்தியது போதும். 248 என்பது 121 ஆனது பொய்யில்லை, எடை குறைந்ததும் பொய்யில்லை. எனக்கும் ஒன்பது வருஷமாகச் சுகர். போன வருஷம் சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்டு பரிசோதனை செய்து பார்த்தேன். நான்கு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டதும் ஒரு மணி நேரத்தில் 116-லிருந்து 208. மறுநாள் இரண்டு முட்டை ஆம்லெட், 116-லிருந்து 124. பார்த்ததும் எனக்கே ஆசை வந்து பன்னிரண்டு நாள் கறியும் மீனுமாக ஓட்டினேன். பதிமூன்றாம் நாள் ரசம் ஞாபகம் வந்துவிட்டது. ஒன்று கவனித்தேன்: ஒரு பருக்கை சோறு தொடாத அந்த நாட்களிலும் விடியற்காலை 125, 130 என்றுதான் காட்டியது. ஈரல் தானே சர்க்கரை செய்துகொள்கிறது, கறியின் புரதத்திலிருந்தும்கூடச் செய்யும். அதனால் உங்கள் 121 இன்னும் இறங்கவில்லையே என்று கறியைக் கூட்டாதீர்கள்.

மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும் என்பதை அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2019 அறிக்கையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. சிறுநீரக நோயாளிகளும் கர்ப்பிணிகளும் இதில் இறங்க வேண்டாம், உங்கள் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆனால் குறைப்பது வேறு, கறி தவிர எல்லாவற்றையும் விடுவது வேறு. கறி மட்டும் சாப்பிடுகிற 2,029 பேரிடம் கேட்டு 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் சுகர்காரர்கள் பெரும்பாலோர் மாத்திரை குறைந்ததாகச் சொன்னார்கள். எல்லாம் அவரவர் வாய்மொழி, விட்டு ஓடியவர்களை யாரும் கேட்கவில்லை. அதே ஆய்வில் கெட்ட கொழுப்பான எல்டிஎல், ரிப்போர்ட் கொடுத்தவர்களுக்கு 172 வாக்கில் நின்றது. சுகர்காரருக்கு 100-க்குக் கீழே இருக்கட்டும் என்று நாங்கள் மாத்திரை எழுதிக்கொண்டிருக்கிறோம். நம் ஆட்களுக்கு மாரடைப்பு சீக்கிரமே வருகிறது. உங்களுக்கு 49 வயது.

எஸ்கிமோ கதைக்கு வருவோம். உங்கள் மச்சானுக்கு வியாபார புத்தி என்று நான் சொல்லவில்லை, அவர் காதில் விழுந்ததைச் சொல்கிறார். ஸ்டெஃபான்சன் என்ற பயணி வட துருவத்தில் அந்த மக்களோடு இருந்துவிட்டு வந்து, 1928-இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் கண்காணிப்பில் நண்பர் ஒருவரோடு ஒரு வருஷம் கறியே சாப்பிட்டார். ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் ஆரம்பத்தில் டாக்டர்கள் கொழுப்பில்லாத கறியை மட்டும் கொடுத்தபோது சில நாட்களிலேயே குமட்டலும் பேதியுமாகப் படுத்துவிட்டார், கொழுப்பு சேர்த்த பிறகுதான் எழுந்தார். இருவருக்கும் சுகர் கிடையாது, மாத்திரை கிடையாது. அந்த மக்களும் நம் கறிக்கடையில் தொங்குவதைச் சாப்பிடவில்லை. கடல் நாயின் கொழுப்பு, பச்சை ஈரல், மீன், கோடையில் பழம் என்று அது வேறு சாப்பாடு.

இந்த வாரமே நான்கு சோதனை செய்துகொள்ளுங்கள்: கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும்), சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், கொழுப்பு, யூரிக் அமிலம். எட்டு வருஷச் சுகரில் சிறுநீரகம் சத்தமில்லாமல் கசிய ஆரம்பித்திருக்கலாம். அல்புமின் வந்தால் இத்தனை கறி ஆகாது. மூன்று மாதச் சர்க்கரையை இப்போது எடுக்காதீர்கள், இன்னும் ஆறு வாரம் கழித்து எடுங்கள், அப்போதுதான் கணக்கு சரியாக வரும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், மாத்திரையை டாக்டர் சரிசெய்த பிறகு, சோற்றையும் பாவ் ரொட்டியையும் விட்டது விட்டதாகவே இருக்கட்டும் என்பேன். ஆனால் மேத்தி (வெந்தயக்கீரை), பாலக், வெண்டைக்காய், முட்டைக்கோஸ் எல்லாம் திரும்ப வரட்டும். அவற்றால் சுகர் ஏறுவது சொற்பம், உங்கள் மலச்சிக்கல் தீரும். ஆட்டுக்கறி வாரம் ஒரு நாள் போதும். மற்ற நாளில் மீன் விற்கும் கோலி அம்மாக்களிடம் பாங்டா (கானாங்கெளுத்தி) வாங்குங்கள். கிலோ 800 ரூபாய்க்கு மேல் போகும் ஆட்டுக்கறியை மூன்று வேளையும் வாங்கித் தின்ன இட்லி வியாபாரத்தில் கட்டுமா என்றும் யோசித்தேன். மச்சான் கடன் சொல்லிக் கொடுக்கிறாரோ என்னவோ.

டாக்டர் திட்டுவார் என்கிறீர்கள். நானும் திட்டுவேன். திட்டிவிட்டு மாத்திரையைக் குறைத்து எழுதுவேன். இந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு போங்கள், பேச்சைத் தொடங்க உதவும்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, டைப் 1 சுகர். தினமும் நான்கு ஊசி. மாவுச்சத்தே இல்லாமல் கறி மட்டும் கொடுத்தால் இன்சுலினை நிறுத்திவிடலாம் என்று ஊரிலிருந்து வந்த உறவினர் சொல்கிறார். பிள்ளை படும் பாட்டைப் பார்த்தால் மனசு அலைகிறது.
— ஒரு தாய், செம்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு நாள்கூட வேண்டாம். மேலே இட்லிக்காரருக்கு இத்தனை பக்கம் எழுதினேன், அவர் கணையத்தில் இன்னும் இன்சுலின் ஊறுகிறது. உங்கள் பிள்ளைக்கு ஊறவில்லை. சோறே சாப்பிடாவிட்டாலும் அவனுக்கு இன்சுலின் வேண்டும், இல்லையென்றால் ஓரிரு நாளிலேயே இரத்தம் அமிலமாகிவிடும்.

உங்கள் உறவினர் சொல்வது புது வைத்தியமும் இல்லை. 1790-களில் ஜான் ரோலோ என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர், 34 வயது ராணுவ கேப்டன் ஒருவருக்கு நாள்பட்ட கொழுப்புக் கறியும் இரத்தப் பண்டமுமாகக் கொடுத்துச் சர்க்கரையைக் குறைத்தார். அந்தக் கேப்டன் கனத்த உடம்புக்காரர், இட்லிக்காரருக்கு இருக்கும் வகை நோய், உங்கள் பிள்ளைக்கு இருப்பது இல்லை. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கும் மாவைக் குறைத்துப் பார்த்தார்கள், பட்டினி போட்டுப் பார்த்தார்கள். சில மாதமோ சில வருஷமோ இழுத்துப் பிடிக்க முடிந்ததே தவிர, ஒரு பிள்ளையையும் காப்பாற்ற முடியவில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோ மருத்துவமனையில் முதல் இன்சுலின் ஊசி போடப்பட்ட பையன் லியோனார்ட் தாம்சன். அவனுக்கும் 14 வயதுதான். எடை 30 கிலோகூட இல்லை. முதல் ஊசி சரியாகப் பிடிக்கவில்லை, சுத்தம் செய்து பன்னிரண்டு நாள் கழித்துப் போட்ட ஊசியில் பிழைத்தான், 1935 வரை இருந்தான்.

ஊசியின் எண்ணிக்கைதான் கஷ்டம் என்றால் இன்சுலின் பம்ப், சென்சார் பற்றி அவன் டாக்டரிடம் கேளுங்கள். உறவினருக்கு நல்ல மட்டன் குழம்பு வைத்துக் கொடுத்து ஊருக்கு அனுப்புங்கள்.

கேள்வி: கறி மட்டும் சாப்பிடும் முறையில் ஈரல், சுவரொட்டி, கோலிவாடா இறால் எல்லாம் சேருமா?
— வாசகர், பாண்டுப்

பதில்: ஈரலில் கொஞ்சம் மாவுச்சத்து உண்டு, 100 கிராமுக்கு நான்கு கிராமுக்குள்தான் இருக்கும். சுவரொட்டியில் பெயருக்குத்தான். யூரிக் அமிலம் உள்ளவர்கள் இரண்டையும் குறைக்க வேண்டும். கோலிவாடா இறால் என் தெருப் பண்டம், எனக்கும் பிடிக்கும், ஆனால் அது பாதி கடலை மாவு. பதிலுக்குத் தவாவில் வறுத்த மீன் கேளுங்கள். ரவை தடவாமல் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், இந்த ஊரில் சொல்லாவிட்டால் ரவையோடுதான் வரும்.