கணையம், அறுவைக்கு முன் கீமோ – ஒரு கடிதம்

வணக்கம்.

அப்பாவுக்கு 63 வயது. மஞ்சள் காமாலை என்று போனோம். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. அறுவை செய்யலாம் என்கிறார்கள். ஆனால் ஒரு கிளினிக்கல் ட்ரையலில் சேரச் சொல்கிறார்கள். ஒரு பிரிவுக்கு நேரே அறுவை, பிறகு 12 சுற்று கீமோ. இன்னொரு பிரிவுக்கு முதலில் 8 சுற்று, பிறகு அறுவை, அதன்பின் 4 சுற்று. எந்தப் பிரிவு என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யுமாம். அப்பாவைச் சோதனை எலியாக்கச் சம்மதிக்க மாட்டேன் என்று அம்மா அழுகிறார். கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு நான்கு மாதம் எப்படிச் சும்மா இருப்பது? பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. எடை 9 கிலோ குறைந்துவிட்டது. எண்ணெயை அறவே நிறுத்திவிட்டோம். செரிமானத்துக்குக் கொடுத்த கேப்ஸ்யூலை, சாப்பிட்டு முடித்ததும் மற்ற மாத்திரைகளோடு தவறாமல் போட்டுக்கொள்கிறார். சேரலாமா, வேண்டாமா?

ச.

அன்புள்ள ச.,

சோதனை எலி என்ற பேச்சை அம்மா இன்றோடு விட்டுவிடட்டும். இரண்டு பிரிவிலும் சுற்றுகள் 12தான். யாருக்கும் வெற்று மருந்து கிடையாது. கையெழுத்துப் போட்ட பிறகும் எந்த நாளிலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நின்றுவிடாது. கம்ப்யூட்டர் தீர்மானிப்பது வரிசையை மட்டும். அதை மருத்துவர் கையில் விட்டால் தெம்பானவர்களை ஒரு பக்கமும் தளர்ந்தவர்களை மறுபக்கமும் தன்னையறியாமல் அவர் ஒதுக்கிவிடக்கூடும்.

"சும்மா இருப்பது" என்று எழுதியிருக்கிறீர்கள். பொதுவாகக் கொடுக்கும் ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கீமோ மருந்துக்கூட்டு என்றால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டினும் இரினோடெக்கானும் ஏற்றிக்கொண்டு, இடுப்பில் பம்பைக் கட்டிக்கொண்டு 46 மணி நேரம் ஃப்ளூரோயூராசில் இறங்க நடமாடும் மனிதர் சும்மாவா இருக்கிறார்? ஸ்கேனில் தெரியாத அளவில் இந்த நோய் முன்பே கல்லீரலுக்குப் போயிருக்கக்கூடும். முதலில் கீமோ கொடுப்பது அதைக் குறிவைத்துத்தான். தவிர, கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் விப்பிள் அறுவைக்குப் பிறகு உடம்பு தேறாமல் கீமோவைத் தொடங்கவே முடியாதவர்கள் உண்டு. 2018இல் வெளியான பிரெஞ்சு-கனடிய ஆய்வில், அறுவைக்குப் பின் இந்த மருந்துக்கூட்டைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் கடந்த காலம், 54.4 மாதம்; ஜெம்சிடபின் என்ற ஒற்றை மருந்தைப் பெற்றவர்களுக்கு 35. ஆனால் அந்தக் கணக்கில் வந்தவர்கள் அறுவை முடிந்து தேறி எழுந்தவர்கள் மட்டுமே.

அதற்காக முன்கூட்டிய கீமோதான் மேல் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. நெதர்லாந்தின் ப்ரியோபான்க் ஆய்வில் முதலில் கீமோவும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 5 ஆண்டைக் கடந்தவர்கள் 20.5 சதவீதம், நேரே அறுவைக்குப் போனவர்களில் 6.5. 2024இல் வெளியான நார்டிக் நாடுகளின் நார்பாக்ட்-1 இதற்கு நேரெதிர்: 18 மாத முடிவில் உயிரோடிருந்தவர்கள் முன்கீமோ பிரிவில் 60 சதவீதம், நேர் அறுவைப் பிரிவில் 73. மருந்தும் வேறு, நோயாளிகளும் வேறு. எது மேல் என்று இன்னும் தெளிவாகாததால்தான் ட்ரையல்; உங்கள் மருத்துவர் மழுப்பவில்லை.

இதையெல்லாம் விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது எண்ணெய், கேப்ஸ்யூல் என்ற இரண்டு வரிகள். கோபமாகவே சொல்கிறேன்: ட்ரையலைப் பற்றி வீடே இரவெல்லாம் விவாதிக்கிறீர்கள், அப்பா தட்டின் முன் பட்டினி கிடக்கிறார்.

தலைப்பகுதிக் கட்டி பித்தக்குழாயை மட்டுமல்ல, கணையக்குழாயையும் நெரிக்கிறது. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் என்ற நொதி குடலுக்கு வருவதில்லை. சாப்பிட்ட கொழுப்பு அப்படியே வெளியேறுகிறது. மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு மிதந்து, எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அப்பாவிடம் கேளுங்கள்; வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்திருப்பார். இதற்கு மருந்து கொழுப்பை நிறுத்துவது அல்ல, அதைச் செரிக்க வைப்பது.

கேப்ஸ்யூல் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே அந்த லைபேஸ் அடங்கிய கடுகளவு மணிகள், இரைப்பை அமிலம் தின்றுவிடாதபடி மேலே பூச்சு. அவை உணவோடு கலந்து சிறுகுடலுக்கு இறங்கினால்தான் வேலை. சாப்பிட்டு முடித்துப் போட்டால் உணவு முன்னே போய்விடும், மணிகள் தனியே பின்னால் போகும். ஆகவே முதல் வாயோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் மீதி. வழக்கமான தொடக்க அளவு பெரிய வேளைக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ், சிற்றுண்டிக்கு அதில் பாதி. ஒரு கேப்ஸ்யூலில் 10,000தான் என்றால் ஒன்று போட்டு என்ன பயன்? மெல்லக் கூடாது, சூடான பானத்தோடு விழுங்கக் கூடாது. விழுங்க முடியாவிட்டால் மணிகளைப் புளிப்பான பழக்கூழில் கலந்து உடனே கொடுக்கலாம். அளவு கூட்டியும் மலம் மாறவில்லையென்றால் அமிலம் குறைக்கும் மாத்திரை சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்தக் கேப்ஸ்யூல் பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கும் மருந்து; அப்பாவுக்கு அதில் மனத்தடை இருக்குமா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள், எடை அதிலும் கரையும்.

ஏன் இதை இப்படி இழுக்கிறேன் என்றால், ட்ரையல் சேர்க்கையிலும் நடமாட்டத் திறனுக்கு ஓர் அளவுகோல் உண்டு. எடை இழந்து படுக்கையில் விழுந்தவரை எந்தப் பிரிவிலும் சேர்க்க மாட்டார்கள். தவிர, இரினோடெக்கான் தொடங்கினால் வயிற்றுப்போக்கு வரலாம். அது மருந்தாலா, செரிக்காத கொழுப்பாலா என்று தெரியாமல் குழம்புவீர்கள். தண்ணீராகப் போவது வேறு, எண்ணெயாகப் போவது வேறு. இப்போதே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

ஸ்டென்ட் உலோகமா பிளாஸ்டிக்கா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். முன்கீமோ பிரிவு விழுந்தால் அறுவைக்கு முன் அதுதான் காலை வாரும். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கீமோவுக்கு முன் டி.பி.ஒய்.டி. மரபணுப் பரிசோதனை உண்டா என்பதும் கேள்விப் பட்டியலில் இருக்கட்டும். அந்த மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு ஃப்ளூரோயூராசில் வழக்கமான அளவிலேயே உயிரைப் பறிக்கக்கூடும்.

சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தகுதி இருந்தால் சேரலாம் என்பது என் எண்ணம். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் தேதி தவறாமல் நடக்கும். சம்மதப் படிவத்தை வீட்டுக்கு வாங்கி வந்து அம்மாவும் அப்பாவும் சேர்ந்து படிக்கட்டும், அதற்கு இரண்டு நாள் ஆகட்டும். ஆனால் அந்தக் கேப்ஸ்யூல் குப்பியின் மேல் எத்தனை யூனிட் என்று போட்டிருக்கிறது என்பதை இன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் பார்த்து எனக்கு எழுதுங்கள்.