மூன்றாம் கியரும் ரிவர்ஸும் ஒன்றாகப் படுத்தால்

கேள்வி: அண்ணே, என்னிடம் பழைய டொயோட்டா டபுள் கெப் ஒன்று இருக்கிறது. டீசல், ஓட்டோ கியர், நாலு கியர் பெட்டி. அக்கரப்பத்தனையில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு நுவரெலியா போவேன். இரண்டு மாதமாக நானுஓயா ஏற்றத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி இழுப்பதில்லை. ரிவர்ஸ் போட்டால் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் பிடிக்கிறது. ஒன்றும் இரண்டும் நன்றாக இருக்கிறது. ஒயில் கறுத்துக் கருகல் வாடை அடிக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடை கிளட்ச் பிளேட் மட்டும் போதும் என்கிறது, இன்னொன்று முழு கிட் வாங்கச் சொல்கிறது, மூன்றாவது கடை ஜப்பானிலிருந்து வந்த பழைய பெட்டியே இருக்கிறது என்கிறது. எதை வாங்க?
— வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பெட்டியை இறக்கித் திறந்து பார்த்த பிறகுதான் சாமான் பட்டியல் எழுத வேண்டும்.

பொனட்டுக்குள் அல்லது கதவுத் தூணில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் ‘டிரான்ஸ்/அக்ஸல்’ என்ற வரியைப் பாருங்கள். ஏ340 என்று தொடங்கினால் இனி நான் சொல்வது உங்கள் வண்டிக்கு அப்படியே பொருந்தும். ஜப்பானில் ஐசின் செய்த பெட்டி அது, 1980களிலிருந்தே ஓடுகிறது. அதில் முன்னோக்கிப் போகும் நாலு கியருக்கும் ஃபோர்வர்ட் கிளட்ச் பிடித்திருக்கும். டைரக்ட் கிளட்ச் பிடிப்பது மூன்று, நாலு, ரிவர்ஸ் ஆகியவற்றுக்கு மட்டும். உங்களுக்கு ஒன்றும் இரண்டும் நல்லபடி இருக்க, மூன்றும் ரிவர்ஸும் சேர்ந்து படுத்திருக்கின்றன. அப்படியென்றால் டைரக்ட் கிளட்ச்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிளேட் மட்டும் போதும் என்கிற கடைக்காரர் இங்கேதான் உங்களை மாட்டிவிடுவார். கருகிய பிளேட் பிணம் மாதிரி, கொன்ற ஆள் வேறு. அந்த ஆளை உள்ளேயே விட்டுவிட்டுப் புதுப் பிளேட் போட்டால் அதுவும் சீக்கிரம் கருகும்.

கிளட்ச் டிரம்முக்குள் ஒரு அலுமினியப் பிஸ்டன் இருக்கிறது. ஒயில் அழுத்தம் அதைத் தள்ளும், அது பிளேட்டுகளை நெரிக்கும். பிஸ்டனின் உள் விளிம்பிலும் வெளி விளிம்பிலும் ரப்பர் வளையங்கள். அவற்றைக் கழற்றியதும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டிய வளையம் ஒரு பக்கம் சப்பையாகியிருக்கும். நகத்தால் அழுத்தினால் நல்ல ரப்பரில் தடம் மறைந்துவிடும், வெந்த ரப்பரில் தடம் அப்படியே நிற்கும். அந்த வழியாக ஒயில் கசிந்தால் பிஸ்டன் முழு பலத்தோடு நெரிக்காது. பிளேட் வழுக்கும், கருகும். ரிவர்ஸ் தாமதமாகப் பிடிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். டிரம்முக்கு ஒயில் போகும் இடத்திலுள்ள மெல்லிய சீலிங் ரிங்குகளையும், அவை உரசும் சுவரையும் விரலால் தடவிப் பாருங்கள். சுவரில் பள்ளம் விழுந்து நகம் மாட்டினால், புது ரிங் போட்டாலும் கசியும். அப்போது அந்த டிரம்மும் பட்டியலில் ஏற வேண்டியதுதான்.

என் கணக்கில் முதல் காசு, இந்த ரப்பர் வளையங்களும் ரிங்குகளும் சேர்ந்து வரும் சீல் கிட்டுக்கு. அதில் மலிவு பார்க்காதீர்கள். அடுத்தது பிளேட். ஒரு கிளட்ச் கருகினால் அந்தத் தூள் எல்லா இடத்துக்கும் போயிருக்கும், பெட்டி திறந்தும் கிடக்கிறது, ஆகவே எல்லாக் கிளட்ச்சுக்கும் மாற்றிவிடுங்கள். இரும்புத் தட்டுகளில் நீலம் பாய்ந்தவற்றைத் தூக்கிப் போடுங்கள். வெவ்வேறு கம்பெனிப் பிளேட்டுகள் தடிப்பில் கொஞ்சம் வித்தியாசப்படும். அதனால் அடுக்கி முடித்ததும் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை வைத்து இடைவெளியை அளந்து கைநூலோடு ஒப்பிட வேண்டும். “இன்னொரு பிளேட் சேர்த்தால் நல்லா இழுக்கும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இடைவெளி இல்லாவிட்டால் கிளட்ச் விடாமல் உரசி எரியும். புதுப் பிளேட்டைப் போடும் முன் குறைந்தது கால் மணி நேரமாவது ஓட்டோ கியர்ப் பெட்டிக்குரிய ஏ.டி.எஃப். ஒயிலில் ஊற வையுங்கள். நான் ஓர் இரவு முழுக்க ஊறவிடுவேன், அது என் பழக்கம்.

பூட்டிய பிறகு டிரம்மின் ஒயில் துளையில் காற்று அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், சதுர சென்ரிமீற்றருக்கு 4 முதல் 8 கிலோ அழுத்தம் போதும். ‘டொக்’ என்று ஒரே அடியாகப் பிஸ்டன் நகர்ந்தால் நல்லது. ‘ஸ்ஸ்’ சத்தம் வந்தால் திரும்பவும் கழற்ற வேண்டும். இந்தச் சோதனையின்போது பக்கத்தில் நில்லுங்கள், மெக்கானிக் பாஸ் கோபித்தாலும் பரவாயில்லை.

ஒயில் வழியைத் திறந்து மூடும் மின்சார வால்வுகளான சொலினோய்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். கியர் மாற்றும் இரண்டும் 11 முதல் 15 ஓம் காட்டி, பற்றரி கொடுத்ததும் ‘டிக்’ என்றால் பெரும்பாலும் நல்லவைதான். பல்சக்கரங்களும் அப்படித்தான், பல் உடையாமல் தேயாமல் இருந்தால் தொட வேண்டாம்.

அப்புறம் கொன்வேட்டர், எஞ்சினின் சுழற்சியை ஒயில் மூலம் பெட்டிக்குக் கடத்தும் சாமான். இதில் நானே பட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒருவருக்குச் செலவைக் குறைக்கலாம் என்று பழைய கொன்வேட்டரை மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் கழுவிப் பூட்டிக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் லபுக்கலை வளைவில் வண்டி நின்றது. வெல்ட் பண்ணி மூடிய பானை அது, உள்ளே படிந்த தூள் கழுவினால் வராது. ஓட ஓட அந்தத் தூள் வெளியே வந்து புதுப் பெட்டிக்குள் போயிருக்கிறது. இரண்டாவது தடவை முழுக்க என் காசு. ஒயில் கறுத்திருந்தால் கொன்வேட்டரை வெட்டித் திறந்து செய்யும் லேத் பட்டறைக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு வாங்குங்கள். பூட்டும்போது அது பம்ப்புக்குள் படிப்படியாக இறங்கிக் கடைசிவரை உட்கார வேண்டும். பாதியில் நிற்கும்போது போல்ட் போட்டு இறுக்கினால் பம்ப் உடையும்.

ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் இருக்கும் ஒயில் கூலரிலும் அதே தூள் இருக்கும். கழுவி எடுக்க முடியாவிட்டால் மாற்றுங்கள். வெளியே இன்னொரு சின்னக் கூலர் பூட்டினால் இன்னும் நல்லது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், குளிர்தானே என்று நினைப்பார்கள். பாரத்தோடு மெதுவாக ஏறும்போது கொன்வேட்டருக்குள் ஒயில் உரசிச் சூடாவது வெளிக் குளிரைப் பார்த்து நடப்பதில்லை. ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் கூலர் வெடித்துத் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் பட்ட பிளேட்டில் உரசும் படை பசை விட்டுக் கழன்று வரும், அதைக் காயவைத்துப் பயன்படுத்த முடியாது.

ஜப்பான் பழைய பெட்டி? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 வரை இழுபட்டதில் எல்லாரும் பழைய வண்டியையே செப்பனிட்டார்கள், இந்தப் பெட்டிகளுக்கும் கிராக்கி. வாங்குவதானால் அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது வழக்கம்தான். தகடு தகடாக மின்னும் துண்டு கிடந்தால் பேரம் பேசாமல் திரும்பி வாருங்கள். டீசல் எஞ்சினோடு பூட்டும் முன்மூடியா, நாலு சில்லு இழுவைக்கு உரியதா, வயர் பிளக் ஒன்றா என்று பார்க்க வேண்டும். காட்ட மறுத்தால் வேண்டாம். உங்கள் சொந்தப் பெட்டியில் என்ன கெட்டது என்றாவது உங்களுக்குத் தெரியும்.

செய்து முடித்த பிறகு ஏற்றத்தில் ஓ.டி.யை, அதாவது நாலாம் கியரான ஓவர்டிரைவை, அணைத்துவிட்டு ஓட்டுங்கள். மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் அது அலையக் கூடாது.

கேள்வி: ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும்போது ‘என்’னில் (நியூட்ரலில்) போட்டு உருட்டினால் டீசல் மிச்சமாகும் என்கிறார் நண்பர். ஓட்டோ வண்டிக்குச் சரியா?
— வாசகி, கொட்டகலை

பதில்: வேண்டாம், தங்கச்சி. ‘என்’னில் எஞ்சின் பிடிப்பு இல்லை. முழுப் பாரமும் பிரேக்கில் விழும், அது சூடேறினால் மிதித்தாலும் பிடிக்காது. இப்போதைய டீசல் எஞ்சின்கள், கியரில் இருக்கும்போது அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசலை நிறுத்திவிடும். ‘என்’னிலோ அணையாமல் இருக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டில் போட்டு இறங்குங்கள்.