வண்டியின் ஏர் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்தே ஓட்டலாமா, புதிதாக மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ஓரளவுக்கு ஓட்டலாம். ஆனால், அழுக்கேறிய ஃபில்டரோடு கூடுதலாகச் சில நூறு கிலோமீட்டர் ஓடுவதைவிட, அதை அடிக்கடி கழற்றிக் காற்றடிப்பதுதான் எஞ்சினுக்குப் பெரிய கெடுதல் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பல்லடம் அருகே காரணம்பேட்டை வழியாக, கல் குவாரிகளும் கிரஷர்களும் உள்ள சாலையில், தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். தூசிக்குப் பயந்து மாதந்தோறும் ஒரு பட்டறையில் ஃபில்டருக்குக் காற்றடித்து வந்தேன். ஒரு நாள் நானே ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குச் செல்லும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தபோது, சாம்பல் நிறத்தில் மாவு போன்ற தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. ஃபில்டரை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். ஒரு மடிப்பின் அடியில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. கம்ப்ரஸர் குழாயை ஃபில்டரின் தாளோடு ஒட்டிவைத்து அடித்ததில் மடிப்பு கிழிந்திருந்தது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சிறு ஓட்டையின் அபாயம் புரியும். உள்ளே போகும் கல்தூள் ஆயிலோடு கலந்து சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். டீசல் வண்டியில் அதற்கு முன்பே எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் இறக்கைகளை அரிக்கும். மாறாக, தாளின் மேல் மெல்லியதாகப் படிந்த தூசி, அடுத்து வரும் நுண்தூசியைத் தடுக்கவே உதவுகிறது.

மைலேஜ் குறைந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு அது பொருந்தும். இன்றைய எஞ்சின்களில் வரும் காற்றைச் சென்சார் அளந்து, அதற்கேற்ப எரிபொருளைக் குறைத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட சோதனை முடிவுகளிலும், அடைத்துப்போன ஃபில்டரால் இத்தகைய வண்டிகளின் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை, பிக்கப்தான் அடிபட்டது.

என் வண்டியின் கையேட்டில் 40,000 கி.மீ. என்று இருந்தாலும், இந்தச் சாலைக்காக 15,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். இடையில் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை திறந்து பார்த்து, இலை, சருகு இருந்தால் எடுத்துவிட்டு, ஃபில்டரை மெதுவாகத் தட்டி வைப்பதோடு சரி. காற்றடித்தே ஆக வேண்டுமென்றால், குறைந்த அழுத்தத்தில், ஒரு சாண் தள்ளி, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். தாள் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. எண்ணெயில் நனைத்த தாள் வகைக்குக் காற்றும் கூடாது.

புதியதைப் பொருத்துமுன் பெட்டியின் அடியில் கிடக்கும் மண்ணை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ரப்பர் விளிம்பு சுற்றிலும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா, எல்லாக் கிளிப்புகளும் இறுகியிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு கிளிப் தளர்ந்திருந்தாலும் தூசி ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஃபில்டரின் விளிம்பிலேயே மார்க்கரால் எழுதிவைக்கிறேன். சர்வீஸில் மாற்றிவிட்டோம் என்று சொன்னால், பெட்டியைத் திறந்து, என் எழுத்துள்ள பழைய ஃபில்டரே இன்னும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டே பணம் கொடுக்கிறேன்.