பதில்: தேதி கிழிந்த வைல்டர் ஸ்டீம்ஷிப் ரசீது எந்த ஆண்டு?

வணக்கம். ரசீதில் தேதிப் பகுதி கிழிந்துபோனால் என்ன, தலைப்பில் உள்ள கம்பெனிப் பெயரே பாதி விடை சொல்லிவிடுகிறது. ஹவாய் தீவுகளுக்கிடையே நீராவிக் கப்பல் விட்ட வைல்டர் கம்பெனி, 1883-இல் தொடங்கிய போட்டி நிறுவனமான இன்டர்-ஐலண்டுடன் 1905-இல் இணைந்துவிட்டது, அதனால் உங்கள் காகிதம் அதற்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்புறம் ஊர்ப் பெயருக்குக் கீழே பாருங்கள். 'டெரிட்டரி ஆஃப் ஹவாய்' என்று அச்சாகியிருந்தால் 1900-க்கு முன் போகாது, ஏனென்றால் அந்த ஆண்டில்தான் அது அமெரிக்க ஆட்சிப்பகுதியாக அமைக்கப்பட்டது.

ரசீதில் மாடு ஏற்றியதற்குப் படகுக்கூலி ஏன் போட்டிருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் காலத்தில் ஹவாயின் கவைஹாயே போன்ற துறைகளில் கப்பல் கரைக்கு வராது. குதிரைமேல் இருக்கும் மாட்டுக்காரர்கள் மாடுகளைக் கடலுக்குள் இழுத்துப்போவார்கள், படகின் இரு பக்கமும் தலையைக் கட்டி, நீந்தவைத்தே கப்பலடிக்குக் கொண்டுபோய், வயிற்றில் பட்டை கோத்து மேலே தூக்குவார்கள். பாவம் அந்த மாடுகள்!

கம்பெனி இப்போது இருக்கிறதா என்றால், கப்பல் தொழில் போய்விட்டது. ஆனால் இன்டர்-ஐலண்ட் 1929-இல் தொடங்கிய விமானப் பிரிவுதான் 1941-இல் ஹவாயியன் ஏர்லைன்ஸ் ஆனது. ரசீதைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், அமிலமில்லாத உறையில் வையுங்கள்.